டிஎன்இஏ கவுன்சலிங்: முதல் நாளே விண்ணப்பித்தால் நல்ல கல்லூரி கிடைக்குமா?

மே மாதம் பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில் பிரவுசிங் சென்டர்களில் ஒரு பேச்சு தவறாமல் அடிபடும்: "சீக்கிரம் போட்டுடுங்க, லேட்டானா நல்ல காலேஜ் எல்லாம் போயிடும்." வீட்டில் யாரும் கல்லூரிப் பக்கம் போகாத குடும்பங்கள்தான் இதைக் கேட்டு அதிகம் பதறுகின்றன. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில், அதாவது டிஎன்இஏ கவுன்சலிங்கில், இந்தப் பயத்துக்கு அடிப்படையே கிடையாது. முதல் நாள் காலையில் விண்ணப்பித்தவருக்கும் கடைசி நாள் மாலையில் விண்ணப்பித்தவருக்கும் தேதியை வைத்துத் தரவரிசையில் ஓர் இடம்கூட மாறாது. ஆனாலும் வேலையைச் சீக்கிரம் தொடங்கிய பிள்ளைகள் கடைசியில் நிம்மதியாக இருக்கிறார்கள் என்பதும் உண்மை. எந்த வேலையைச் சீக்கிரம் செய்ய வேண்டும், எதில் அவசரப்பட்டால் நஷ்டம் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

2017 வரை கவுன்சலிங் என்றால் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு நேரில் வர வேண்டும். தென்கோடியிலிருந்தும் பெற்றோர் இரவுப் பேருந்து பிடித்து வந்து, திரையில் இடங்கள் குறைந்துகொண்டே போவதைப் பார்த்தபடி சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. 2018-ல் அது ஆன்லைனுக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பம். பதிவுக் கட்டணம் 500 ரூபாய். எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி பிரிவினருக்கு 250. கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விண்ணப்பம் வாங்கும் செலவை நினைத்துப் பார்த்தால் இது ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய உதவி. இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். குறையும் ஒன்று எங்கே போகிறது என்பதைச் சான்றிதழ் சரிபார்ப்பைப் பற்றியும் அலாட்மெண்டை உறுதிசெய்வதைப் பற்றியும் பேசும்போது சொல்கிறோம்.

தேதி எங்கே கணக்கில் வருகிறது?

எங்கும் வருவதில்லை. கட்-ஆஃப் கணக்கு எளிது: கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 எடுத்தவரின் கட்-ஆஃப் 92 + 44 + 45 = 181. பொறியியலுக்கான மாநில நுழைவுத்தேர்வு 2007 சேர்க்கையிலிருந்தே நீங்கிவிட்டதால் வேறு எந்த எண்ணும் இதில் சேராது. ஒரே கட்-ஆஃபில் பலர் இருந்தால் முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல், பிறகு நான்காவது விருப்பப் பாடம், பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். அத்தனையும் சமம் என்றால் வயதில் மூத்தவர் முன்னால் வருவார். பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால்தான் சமவாய்ப்பு எண், அதாவது ரேண்டம் நம்பர், வேலைக்கு வரும். அதில் பெரிய எண் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை.

குழப்பம் தொடங்குவதே இந்த ரேண்டம் நம்பரில்தான். சீக்கிரம் விண்ணப்பித்தால் நல்ல எண் விழும் என்று பலர் நம்புகிறார்கள். பதிவு முடிந்த பிறகு, விண்ணப்பித்த எல்லோருக்கும் சேர்த்துக் கணினி ஒரே நேரத்தில் ஒதுக்கும் பத்து இலக்க எண் அது. யார் எந்த நாளில் பதிவு செய்தார் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பெரிய எண் வந்துவிட்டது என்று மகிழவும் வேண்டாம், சின்ன எண் என்று கலங்கவும் வேண்டாம். மேலே சொன்ன ஆறு படிகளும் ஒருவரோடு ஒருவருக்கு அப்படியே பொருந்தினால் மட்டுமே அது எட்டிப் பார்க்கும்.

2022-ம் ஆண்டு இதற்கு நல்ல சாட்சி. அந்த ஆண்டு ஜூன் 20 அன்று மாநிலப் பாடத்திட்ட முடிவு வந்தது. அன்றே டிஎன்இஏ பதிவும் தொடங்கியது. சிபிஎஸ்இ முடிவு ஜூலை 22 வரை இழுத்துக்கொண்டு போனது. அந்த மாணவர்கள் விடுபட்டுவிடக் கூடாது என்று கடைசித் தேதியை ஜூலை 27 வரை நீட்டித்தார்கள். ஜூன் 20-ல் போட்டவரும் ஜூலை 27-ல் போட்டவரும் ஒரே பட்டியலில், மதிப்பெண்படி மட்டுமே நின்றார்கள். பிற ஆண்டுகளில் இவ்வளவு இழுபறி இல்லை: 2023-ல் பதிவு மே 5-ல் தொடங்க, மாநில முடிவு மே 8-ல் வந்தது; 2025-ல் மே 7-ல் தொடங்க, மே 8-ல் முடிவு. பதிவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் கிடைக்கிறது. அந்த மாதத்தை எதற்குச் செலவிடுவது என்பதுதான் விஷயம்.

சீக்கிரம் செய்ய வேண்டியது சான்றிதழ் வேலை

விண்ணப்பத்தைவிடச் சான்றிதழுக்குத்தான் உண்மையில் நேரம் பிடிக்கும். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் இப்போது டிஜிட்டல் கையொப்பம் கொண்ட இ-சான்றிதழாக வேண்டும். இ-சேவை மையத்தில் மனு போட்டால் அது விஏஓ, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), துணை வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையாக நகரும். எஸ்டி சான்றிதழ் என்றால் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் வரை போகும். மே, ஜூனில் எல்லா வீட்டிலிருந்தும் மனு குவிவதால் ஒரே ஒரு மேசையில் நின்றாலும் இரண்டு வாரம் ஓடிவிடும். பிளஸ் டூ தேர்வு எழுதும் மார்ச்சிலேயே, முடிந்தால் அதற்கும் முன்பே, மனு போட்டுவிடுவது நல்லது. இதற்குத் தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

சாதிச் சான்றிதழ் செல்லாமல் போனால் என்ன இழப்பு என்பதைக் கணக்காகவே பார்த்துவிடுங்கள். பொதுப் போட்டிக்கு 31 சதவீதம். பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி மற்றும் சீர்மரபினர் 20, எஸ்சி 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்டி 1. சான்றிதழ் இல்லாத மாணவர் பொதுப் போட்டிப் பிரிவினராகவே (ஓ.சி.) கருதப்படுவார். தன் பிரிவுக்கு உரிய இடங்களை அப்படியே விட்டுவிட்டு அந்த 31-ல் மட்டும் போட்டியிட வேண்டும். 165 கட்-ஆஃப் வைத்திருக்கும் பிள்ளைக்கு இது கல்லூரியே மாறிப்போகும் விஷயம். விண்ணப்பத்தை மே 7-ல் போட்டு, சான்றிதழை மறந்தவரைவிட, ஜூன் முதல் வாரத்தில் சரியான சான்றிதழோடு போட்டவர் பல மடங்கு பாதுகாப்பான இடத்தில் இருக்கிறார்.

பெயர்ப் பொருத்தமின்மை இன்னொரு தொல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருக்கும் பெயர், முன்னெழுத்து, எழுத்துக்கூட்டல் இவைதான் அடிப்படை. சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருந்தால் சரிபார்ப்பில் கேள்வி வரும். சான்றிதழுக்கு மனு போடும் போதே மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துச் சொல்லுங்கள். இ-சேவை மையத்தில் தட்டச்சு செய்பவர் காதில் விழுந்தபடிதான் அடிப்பார்.

இருப்பிடச் சான்றிதழ் எல்லோருக்கும் தேவையில்லை. எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு அது வேண்டாம். இடையில் ஓர் ஆண்டு வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும் வேண்டும். இலங்கைத் தமிழ் அகதி முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதற்கென்று தனி இ-சான்றிதழ் உண்டு; அவர்களும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

முதல் பட்டதாரி சலுகைக்குச் சான்றிதழோடு மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழிப் படிவமும் பதிவேற்ற வேண்டும். சான்றிதழை மட்டும் ஏற்றிவிட்டு உறுதிமொழியை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இந்தச் சலுகை. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது.

7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-ல் பொறியியலுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான இடங்கள் இவை. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஆகியவை சேரும். இது தெரியாமல் "எங்க ஸ்கூல் கவர்மெண்ட் ஸ்கூல் இல்லையே" என்று தகுதியுள்ள பிள்ளைகள் அந்தக் கட்டத்தையே தொடாமல் விடுவது மனதை வருத்துகிறது. இரண்டு மூன்று பள்ளிகளில் படித்திருந்தால் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் அங்கே படித்ததற்கான போனஃபைடு சான்றிதழ் தேவைப்படும். கோடை விடுமுறையில் தலைமை ஆசிரியரைப் பிடிப்பது கஷ்டம். ஏப்ரலுக்குள் வாங்கிவிடுங்கள்.

பதிவுத் திரையில் எங்கே சறுக்குகிறது

கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் மாணவருடையதாகவோ பெற்றோருடையதாகவோ மட்டுமே இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர்காரர் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று தன் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டால், ஜூலையில் ஓடிபியும் அலாட்மெண்ட் தகவலும் அவருக்குத்தான் போகும். பிற்பாடு அவர் கடை பூட்டியிருந்தால், அலாட்மெண்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய இரண்டு நாள் கெடு தாண்டிவிடும். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். கவுன்சலிங் முடிந்து கல்லூரியில் சேரும் வரை அந்த சிம்மை மாற்ற வேண்டாம். ரீசார்ஜ் தீர்ந்து எண் முடங்கவும் விட வேண்டாம்.

பணம் கட்டியதோடு விண்ணப்பம் முடிந்துவிட்டது என்று நினைப்பது அடுத்த சறுக்கல். சான்றிதழ் பதிவேற்றம் முடிந்து, விண்ணப்பத்தைச் சமர்ப்பித்து, பிடிஎஃப் இறங்கிய பிறகுதான் வேலை முடிகிறது. கணக்கில் பணம் கழிந்தும் திரையில் நிலுவை என்று காட்டினால் உடனே மறுபடி கட்டாதீர்கள். ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பரிவர்த்தனை எண்ணோடு டிஎன்இஏ உதவி மையத்துக்குப் போங்கள். கடைசி நாளில் இப்படி ஆனால் பொறுத்திருக்க நேரம் இருக்காது. பத்து நாள் முன்னதாகப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் சிபிஎஸ்இ மாணவர்களைவிடச் சற்று எளிதாகத் தப்பிக்கிறார்கள். சிபிஎஸ்இ மாணவர்கள் முடிவுக்கு முன்பே பதிவு செய்து வைத்திருந்தால் மதிப்பெண்ணைப் பிறகு மறக்காமல் நிரப்ப வேண்டும். தியரியும் பிராக்டிகலும் சேர்ந்த மொத்த மதிப்பெண்தான் போட வேண்டியது.

விளையாட்டுப் பிரிவு (500 இடங்கள்), முன்னாள் படைவீரர் வாரிசு (150 இடங்கள்), மாற்றுத்திறனாளி (5 சதவீதம்) ஆகிய சிறப்பு ஒதுக்கீடுகளுக்குப் பதிவின்போதே குறிப்பிட வேண்டும். பொதுப் பிரிவுக்கு முன்பே இவர்களுக்குக் கவுன்சலிங் நடந்துவிடும்.

இனி அந்தக் குறையும் மதிப்பெண்ணின் முதல் பாதி. பதிவேற்றிய சான்றிதழ்களை உதவி மையத்தில் சரிபார்க்கிறார்கள். ஏதாவது தெளிவில்லை என்றால் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் எந்தச் சான்றிதழில் என்ன குறை, எதைப் புதிதாக ஏற்ற வேண்டும் என்பது கிராமத்துப் பெற்றோருக்குப் புரியும் தமிழில் விரிவாக வருவதில்லை. திரை வாசகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நேரில் உதவி மையத்துக்குப் போனால் பொறுமையாகச் சொல்கிறார்கள். போக வேண்டும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. விண்ணப்பித்த பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை உள்ளே நுழைந்து நிலையைப் பார்ப்பது அவசியம். சீக்கிரம் விண்ணப்பித்ததன் முழுப் பலனும் இங்கேதான் இருக்கிறது: திரும்பி வந்த சான்றிதழைச் சரிசெய்ய உங்களுக்கு மூன்று வாரம் மிச்சமிருக்கும்.

ரேங்க் லிஸ்ட் வந்ததும் குறைதீர்ப்புக்குச் சில நாட்கள் தருவார்கள். ரேங்க் எத்தனை என்று பார்த்ததோடு மூடிவிடாமல் கட்-ஆஃப், சாதிப் பிரிவு, 7.5 சதவீதத் தகுதி, முதல் பட்டதாரி என ஒவ்வொன்றும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சில நாட்கள் தாண்டினால் திருத்தம் கேட்பது மிகக் கடினம்.

சாய்ஸ் ஃபில்லிங்: அவசரம் வேண்டாத இடம்

"சாய்ஸ் திறந்தவுடன் காலை பத்து மணிக்கே போட்டால் இடம் நமக்கு" என்பது இரண்டாவது பெரிய தவறான நம்பிக்கை. அண்மை ஆண்டுகளில் பொதுப் பிரிவுக்கு மூன்று சுற்றுகள். ஒவ்வொரு சுற்றுக்கும் கட்-ஆஃப் வரம்பு அறிவித்து, விருப்பப் பட்டியல் நிரப்ப மூன்று நாள் தருகிறார்கள். மூன்றாம் நாள் மாலை மூடிய பிறகுதான் கணினி ஓடத் தொடங்கும். முதல் ரேங்கிலிருந்து ஒவ்வொருவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, பொதுப் போட்டியில் இடம் இருந்தால் அதிலும், இல்லையென்றால் அவருடைய சமூகப் பிரிவிலும் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போகும். நீங்கள் எந்த மணிக்குச் சேமித்தீர்கள் என்று அது பார்ப்பதே இல்லை. எனவே மூன்று நாளையும் நிதானமாகப் பயன்படுத்துங்கள். கடைசி மணி நேரத்துக்கு மட்டும் தள்ள வேண்டாம். இணைய நெரிசல் வரும்.

எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் ஐந்தாறு போட்டுவிட்டு இடம் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அப்படித் தள்ளப்படும்போது, தன் ரேங்குக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தைத் தனக்குக் கீழே இருந்தவர் எடுத்துக்கொண்டு போயிருப்பார். 195-க்கு மேல் கட்-ஆஃப் உள்ளவருக்கு 30, 40 போதும். 150-க்கும் 185-க்கும் இடையில் இருப்பவர்கள் 100 வரை போடுவதில் தவறே இல்லை.

பட்டியல் தயாரிக்க நல்ல வழி இது. சென்ற ஆண்டு ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு பாடப்பிரிவிலும், ஒவ்வொரு சமூகத்துக்கும் எந்தக் கட்-ஆஃபில் மூடியது என்ற விவரம் டிஎன்இஏ தளத்திலேயே கிடைக்கிறது. அதை அப்படியே இந்த ஆண்டு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். கணிதத் தேர்வு எளிதாக இருந்த ஆண்டில் எல்லோருக்கும் கட்-ஆஃப் ஏறும். 181-க்குச் சென்ற ஆண்டு இருந்த ரேங்க் இந்த ஆண்டு இருக்காது. சென்ற ஆண்டின் ரேங்க் லிஸ்ட்டில் அந்தக் கட்-ஆஃபுக்கு எந்தச் சமூக ரேங்க் இருந்தது என்று பார்த்து, உங்கள் சமூக ரேங்கோடு ஒப்பிடுங்கள். உதாரணமாக, உங்கள் பிசி ரேங்க் 9,000 என்று வைத்துக்கொண்டால், சென்ற ஆண்டு 6,000-ல் மூடிய இடங்களை ஆசைக்கு மேலே வையுங்கள். 8,000 முதல் 10,000 வரை மூடியவற்றை நடுவில் நிறைய வையுங்கள். 11,000-லிருந்து 14,000 வரை மூடியவற்றில் உங்களுக்குச் சம்மதமானவற்றைக் கீழே வையுங்கள். மேலே ஆசைக்கு வைப்பதால் கீழே உள்ளது பறிபோகாது. "கிடைக்காததை முதலில் போட்டால் சாய்ஸ் வீணாகும்" என்று சொல்லும் கன்சல்டண்டை நம்ப வேண்டாம்.

கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பார்த்துத்தான் போட வேண்டும், பெயரைப் பார்த்து அல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரி வளாகம் 1, ஏசி டெக் எனும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி 2, குரோம்பேட்டை எம்ஐடி 4. உறுப்புக் கல்லூரிகளும் மண்டல வளாகங்களும் அதே பல்கலைக்கழகப் பெயரில்தான் பட்டியலில் வரும். அவற்றின் எண்கள் வேறு, ஊர்கள் வேறு. கோவையில் பிஎஸ்ஜி டெக்கும் பிஎஸ்ஜி ஐடெக்கும் இரண்டு தனிக் கல்லூரிகள். பிஎஸ்ஜி டெக் போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே வளாகத்தில் உதவி பெறும் பாடப்பிரிவும் சுயநிதிப் பாடப்பிரிவும் இருக்கும். சுயநிதிக்குப் பெயருக்குப் பின்னால் எஸ்எஸ் என்று குறிப்பு இருக்கும். கட்டணத்தில் வித்தியாசம் பெரிது. சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் தமிழ்வழிக்கும் தனிக் குறியீடு உண்டு. தமிழ்வழி வேண்டுகிறவர்கள் அதைத் தேடிப் போட வேண்டும். வேண்டாதவர்கள் கவனித்து விலக்க வேண்டும். திருச்சி என்ஐடி, சென்னை ஐஐடி, விஐடி, சாஸ்த்ரா போன்றவை இந்தப் பட்டியலிலேயே இருக்காது. அவற்றுக்குச் சேர்க்கை வேறு வழி.

அலாட்மெண்ட் வந்த பிறகு இரண்டு நாள்

இதுதான் சேவையின் மிகவும் இறுக்கமான பகுதி. மதிப்பெண்ணின் மீதிப் பாதி இங்கே குறைகிறது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் உள்ளே நுழைந்து ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் ரத்து. கூலி வேலைக்கு வெளியூர் போன அப்பாவின் கைபேசியில் ஓடிபி வந்து கிடக்கும் வீடுகளுக்கு இரண்டு நாள் போதாது. இன்னும் ஒரு நாள் கொடுத்தால் சுற்றுகள் ஒன்றும் குலைந்துவிடாது.

முடிவுகள் ஐந்து வகை. ஏற்றுச் சேர்கிறேன் என்றால் கல்லூரிக்கு நேரில் போய்க் குறித்த நாளுக்குள் கட்டணம் கட்ட வேண்டும். ஏற்றுக்கொள்கிறேன், மேலே உள்ளது காலியானால் மாற்றுங்கள் என்பது இரண்டாவது. இவர்கள் உதவி மையத்தில் பணம் கட்டி இடத்தைப் பிடித்துவைக்க வேண்டும். இதை வேண்டாம் என்று விட்டு மேல் விருப்பத்துக்கு மட்டும் காத்திருப்பது மூன்றாவது. விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது நான்காவது. முழுவதுமாக வெளியேறுவது ஐந்தாவது.

இரண்டாவது வகையில் ஒரு நுட்பம் இருக்கிறது. மேலே உள்ள விருப்பத்தில் இடம் காலியானால் கணினி உங்களைக் கேட்காமல் அங்கே நகர்த்திவிடும். பழைய இடம் வேறொருவருக்குப் போய்விடும். திரும்பி வர முடியாது. பட்டியலை நிரப்பும்போது ஏதோ எண்ணிக்கைக்காக மேலே வைத்த கல்லூரி இப்போது உங்கள் தலையில் வந்து விழும். கிடைத்த இடமே பிடித்திருந்தால் முதல் வகையைத் தேர்ந்தெடுத்துச் சேர்ந்துவிடுங்கள். மூன்றாவது வகை ஆபத்தானது: மேலே எதுவும் காலியாகாவிட்டால் கையில் எதுவும் இருக்காது. நான்காவதும் மிக அரிதாகவே லாபம் தரும். அடுத்த சுற்றில் இந்தச் சுற்றின் மிச்சம்தான் இருக்கும்.

சீக்கிரம் போனால் இடம் கிடைக்கும் ஒரே வாசல்

மேனேஜ்மெண்ட் கோட்டாவில் மட்டும் முந்துபவருக்கு இடம் என்பது உண்மை. சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீதம், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதம் இடங்களை அரசுக் கவுன்சலிங்குக்குக் கொடுக்கின்றன. மீதியைக் கல்லூரியே நிரப்பிக்கொள்ளும். கம்ப்யூட்டர் சயின்ஸ், செயற்கை நுண்ணறிவு போன்ற பிரிவுகளுக்குப் பிளஸ் டூ தேர்வு முடியும் முன்பே முன்பணம் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த அவசரத்தைப் பார்த்துத்தான் கவுன்சலிங்கும் அப்படி என்று மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் சில விஷயங்கள். மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை கிடைக்காது, 7.5 சதவீதச் சலுகையும் கிடையாது. அதே கல்லூரி, அதே வகுப்பு. கவுன்சலிங்கில் வந்தவரின் கட்டணம் பாதி போல இருக்கும். 2017-ல் கட்டண நிர்ணயக் குழு விதித்தபோதே அரசு ஒதுக்கீட்டுக்கு 50,000 ரூபாய் என்றால் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000. அதற்கு மேல் நன்கொடை கேட்பது 1992-ம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். 175-க்கு மேல் கட்-ஆஃப் எதிர்பார்க்கும் பிள்ளைக்கு மார்ச்சிலேயே பணம் கட்டுவது பெரும்பாலும் வீண். அதே கல்லூரியோ அதைவிட நல்லதோ கவுன்சலிங்கில் வரும்.

கட்டியே தீர வேண்டும் என்றால் கல்லூரியின் பெயரில், கல்லூரியின் வங்கிக் கணக்குக்கு மட்டும் கட்டுங்கள். எதற்கு எவ்வளவு என்று எழுதிய ரசீது வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைப் பார்வைக்குக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். அசலைப் பிடித்துவைக்கக் கூடாது என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் (ஏஐசிடிஇ) பல்கலைக்கழக மானியக் குழுவும் (யுஜிசி) விதித்திருக்கின்றன. குறித்த தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்தம் செய்யாமல் மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇ விதி. ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்கு இந்த விதி உதவாது.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் ஆன்லைன் சேர்க்கையிலும் விண்ணப்பித்த தேதி கணக்கில் வராது. மதிப்பெண்படி ஒவ்வொரு கல்லூரியும் தனித் தரவரிசை போடும். தனியார் தன்னாட்சிக் கலைக் கல்லூரிகளில் மட்டும் கவனம் வேண்டும். முடிவு வந்த சில நாட்களிலேயே தேர்வுப் பட்டியலை ஒட்டி, ஓரிரு நாளில் கட்டணம் கட்டச் சொல்வார்கள். அங்கே விண்ணப்பம் முன்பே போயிருக்க வேண்டும்.

பதிவையே தவறவிட்டவர்களுக்கும், பிளஸ் டூ துணைத்தேர்வில் தேறியவர்களுக்கும் துணைக் கலந்தாய்வு உண்டு. பொதுச் சுற்றுகள் முடியும் தறுவாயில், பொதுவாக ஆகஸ்டில், இதற்குத் தனியாகப் பதிவு திறக்கும். நாட்கள் மிகக் குறைவு. பெயர்பெற்ற கல்லூரிகளில் கணினிப் பிரிவுகள் அப்போது இருக்காது. சிவில், மெக்கானிக்கல், டெக்ஸ்டைல் போன்ற பிரிவுகளில் நல்ல கல்லூரியிலேயே சில சமயம் இடம் மிஞ்சியிருக்கும். அதற்கும் அதே சான்றிதழ்கள் எல்லாம் தேவைப்படும் என்பதால் ஜூலையிலேயே இ-சேவை மையத்தில் மனு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.